மலையேறி ரேடியோ பேசுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்கோட்டு மறக்காதீர்கள், பேட்டரியை சார்ஜ் போடுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. வேல்ஸ் மலைகளுக்கு ஹாம் ரேடியோவை, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது தெரியும். மலை உச்சிகளிலிருந்து ரேடியோ பேசிப் புள்ளி சேர்க்கும் திட்டம் ஒன்று 2002-இல் தொடங்கியது. ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’, சுருக்கமாக சோட்டா. அதன் விதிகளும் மேலோட்டமாகத் தெரியும்: உச்சியிலிருந்து 4 வெவ்வேறு நிலையங்களோடு பேசினால் அந்த மலைக்கான புள்ளிகள் கிடைக்கும். அந்த மேலோட்டம்தான் தொல்லை.

உச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உச்சி என்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தென் வேல்ஸில் உயர்ந்த மலை பென் அ வான், 886 மீட்டர். புள்ளி அதற்குத்தான். மேற்கே பாண்ட் ஆர் டாவ் கார் நிறுத்தத்திலிருந்து ஏறினால் முதலில் வருவது கார்ன் டீ, 873 மீட்டர். விடுமுறை நாளில் பென் அ வானில் படம் எடுக்கவே வரிசை நிற்கும். கார்ன் டீயில் கூட்டம் கொஞ்சம் குறைவு. புதியவர்கள் அங்கேயே ஆன்டெனா கம்பத்தை நட்டுவிடுகிறார்கள்.

அப்படி ஒருவரைப் பார்த்தேன். 40 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் சுமார் 40 மீட்டர்) இரண்டு பக்கமும் ஆன்டெனா ஒயர் இழுத்து, யாரோடு பேசினோம் என்று குறிக்கும் லாக் புத்தகத்தில் ஒரு பக்கம் நிரப்பியிருந்தார். “தம்பி, இது பென் அ வான் இல்லையே” என்றேன். “உச்சியிலிருந்து 25 மீட்டர் இறக்கம் வரை செல்லும்தானே அண்ணா? 861-க்கு மேல்தான் இருக்கிறேன்” என்றார். கணக்கு சரி. விதியைத்தான் பாதி படித்திருக்கிறார். நீங்கள் இருக்கும் இடத்துக்கும் உச்சிக்கும் நடுவில் தரை எங்கேயும் அந்த 25 மீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது. இரண்டு சிகரங்களுக்கும் இடையிலுள்ள கணவாய் 861-க்குக் கீழேதான் கிடக்கிறது. லாக் புத்தகத்தில் அவர் நிரப்பிய பக்கம் முழுக்க வீண்.

அவர் புள்ளி போனால் போகட்டும். வீட்டில் உட்கார்ந்து, இரைச்சலுக்குள் அவருடைய 5 வாட்டைத் தேடிப் பிடித்தவர்களுக்கும் அந்தக் காண்டாக்ட் செல்லாது. அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

சரியான மலையில் இருந்தாலும், காற்றுக்கு ஒதுங்கப் போய் எல்லையைத் தாண்டுகிறவர்கள் உண்டு. செங்குத்தான பக்கத்தில் 25 மீட்டர் இறங்க எவ்வளவு நேரமாகும்? போன் காட்டும் உயரத்தை நம்பாதீர்கள். பத்து இருபது மீட்டர் தவறாகக் காட்டுவது அதற்கு சகஜம். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் 10 மீட்டருக்கு ஒரு உயரக்கோடு இருக்கும். பென் அ வானில் 880, 870 கோடுகளைத் தாண்டலாம். 860-க்குப் போய்விட்டால் போச்சு.

கற்குவியலில் கம்பம் நடுவது

பென் அ வான், கார்ன் டீ இரண்டின் உச்சியிலும் இருப்பவை வெண்கலக் கால ஈமக் கற்குவியல்கள். கல்லைப் பெயர்க்காதீர்கள். தள்ளிப் போய், நடக்கிறவர்கள் கழுத்தில் ஒயர் மாட்டாத இடமாகப் பாருங்கள்.

145.500-இல் அரட்டை

145.500 மெகாஹெர்ட்ஸ் என்பது கூப்பிட மட்டும். பதில் வந்ததும் வேறு அலைவரிசைக்கு மாறுங்கள்.

குளிர் ஏறிய பிறகு ஜாக்கெட் தேடுவது

ஏறும்போது வியர்க்கும். நடக்கிறவர் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவார், நீங்களோ ஒரு மணி நேரம் ஆடாமல் உட்காரப்போகிறீர்கள். ஆன்டெனாவை விரிப்பதற்கு முன்பே ஜாக்கெட்டைப் போடுங்கள். விரல் மரத்துப்போனால் பென்சில்கூட நிற்காது, அப்புறம் எதிர்முனையில் இருப்பவரின் கால்சைனை, அதாவது அவருடைய ரேடியோ அடையாளக் குறியீட்டை, எங்கே எழுதுவது?

மலிவான கையடக்க செட்டோடு கோபுரத்தின் பக்கத்தில் நிற்பது

வட வேல்ஸில் மோயல் வாமா மலை இருக்கும் அதே தொடரில்தான் மோயல் அ பார்க் டிவி கோபுரமும் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் மலிவான செட் வலுவான சிக்னலில் திணறிச் செவிடாகிவிடும். நீங்கள் தொண்டை வறளக் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். பதில்களும் வந்துகொண்டுதான் இருக்கும், உங்களுக்குக் கேட்காது. உச்சியின் மறுபக்கம் நகர்ந்து பாருங்கள், அல்லது நல்ல ரிசீவர் உள்ள செட்டை எடுத்து வாருங்கள். ஆன்டெனாவை மட்டும் பெரிதாக்கினால் திணறல் இன்னும் மோசமாகும்.