பிக்கப் வண்டியில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கசிவா? சரிசெய்யும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். காபி, மிளகு மூட்டைகளோடு இறங்கி, திரும்பும்போது மளிகையும் சிமென்டும் ஏற்றிக்கொண்டு மேலே போகிற பிக்கப் வண்டிகளின் இன்ஜின் படுகிற பாடு கொஞ்சமல்ல. லோடோடு ஏறும்போது கொதிக்கிறது, ராத்திரி மலைக்குளிரில் ஆறிப்போகிறது. வருஷக்கணக்கில் இப்படியே போனால் ஆயில் ஃபில்டர் உட்காருகிற கூடான ஹவுசிங்குக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் (கேஸ்கெட் அல்லது வளையமான ஓ-ரிங்) இறுகி, தட்டையாகி, பிடிப்பை விட்டுவிடும். அந்த ரப்பரை மாற்றுவது சின்ன வேலைதான். மாற்றிய கொஞ்ச நாளிலேயே அதே இடத்தில் மறுபடி எண்ணெய் தெரிந்தால், பெரும்பாலும் வேலை செய்த விதத்தில்தான் கோளாறு.

எண்ணெய் சொட்டுகிற இடம்தான் கசிகிற இடம் என்று நம்பி ஸ்பானரை எடுத்துவிடாதீர்கள். எண்ணெய் மேலிருந்து வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கமாகத் தள்ளும். இன்ஜின் தலைமேல் இருக்கிற டேப்பட் கவரில் கசிந்தது ஹவுசிங் மேல் வந்து தேங்கியிருக்கும். ஆயில் விளக்கை எரியவைக்கிற ஆயில் பிரஷர் சுவிட்ச் பல இன்ஜின்களில் ஹவுசிங்கிலேயோ பக்கத்திலேயோ இருப்பதால், அது கசிந்தாலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். இன்ஜின் ஆறியதும் டிகிரீசர் போட்டுக் கழுவி, துடைத்து, காயவிடுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் ஈரம் எங்கே தெரிகிறதோ அதுதான் இடம். தோளில் துண்டு இருந்தால் எடுத்து வைத்துவிட்டுக் குனியுங்கள். ஃபேனும் பெல்ட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

கசிகிறதென்றால் இன்னும் ரெண்டு முறுக்கு முறுக்கிவிடலாம் என்பது நம் ஊரில் பரவலாக இருக்கிற பழக்கம். ஹவுசிங் அலுமினியம், ஃபில்டரை மூடுகிற அதன் மூடி பல வண்டிகளில் பிளாஸ்டிக். அதிகம் முறுக்கினால் மூடி விரிசல் விடும், அலுமினியத்தில் மரை போய்விடும். செத்துப்போன ரப்பருக்கு எவ்வளவு முறுக்கினாலும் உயிர் வராது. நிறைய மூடிகளின் மேலேயே எத்தனை நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) என்று அச்சடித்திருப்பார்கள், 25 என்பது அடிக்கடி பார்க்கிற எண். முறுக்குகிற அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் இரவல் வாங்கியாவது அந்த அளவுக்கு முறுக்குங்கள்.

நான் அதிகம் வலியுறுத்துவது, ஹவுசிங் உட்காருகிற தளத்தைச் சுத்தம் செய்வதைத்தான். வேலையே அதுதான். புது கேஸ்கெட் கையில் இருக்கிறதென்று பழையதின் துணுக்கு மேலேயே வைத்து மூடினால் கசியத்தான் செய்யும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகவே எண்ணெய் வெளியேறும். எமரித் தாள் போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம். அந்தத் துகள் ஆயில் துவாரத்துக்குள் போனால் பேரிங்கையே தின்றுவிடும். துவாரங்களைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் பொறுமையாகச் சுரண்டுங்கள். நூல் பிரிகிற பனியன் வேஸ்ட் இங்கே வேண்டாம். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்கேயும் தட்டக்கூடாது. மூடுவதற்கு முன் அடைத்த துணியை எடுத்துவிட்டீர்களா என்று இன்னொரு முறை பாருங்கள்.

ஓ-ரிங்கில் புது எண்ணெயை லேசாகத் தடவி, அதற்குரிய பள்ளத்தில் முறுக்கு விழாமல் உட்கார வையுங்கள். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று சிலிக்கான் பேஸ்ட்டை அப்பாதீர்கள். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து, எண்ணெயோடு ஓடி, குறுகலான பாதை எதையாவது அடைத்துவிடும். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவுக்குப் போகிற எண்ணெய் நின்றால் செலவு எங்கேயோ போய்விடும். கம்பெனி மேனுவல் சொல்கிற இடத்தில் மட்டும், சொல்கிற அளவு போதும்.

ஹவுசிங்கோடு எண்ணெயைக் குளிர்விக்கிற ஆயில் கூலரும் சேர்ந்திருந்தால், கழற்றுவதற்கு முன் கூலன்ட்டை (ரேடியேட்டர் தண்ணீரை) இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் அது எண்ணெய்ப் பாதைக்குள் கொட்டும். எண்ணெய் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கில் பால் விட்ட காபி நிறத்தில் எண்ணெய் வந்தால் கூலன்ட் ஏற்கெனவே கலந்திருக்கிறது என்று பொருள். இன்ஜினை ஓட்டவே கூடாது. வேலை முடிந்து கூலன்ட் ஊற்றியதும் அதன் பாதையில் சிக்கிய காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும்.

ஸ்டார்ட் செய்ததும் ரேஸ் கொடுக்காதீர்கள். காலியாக இருக்கிற ஃபில்டர் நிரம்பச் சில வினாடி ஆகும். அதற்குள் ஆயில் விளக்கு அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். டிப்ஸ்டிக் அளவைச் சமதளத்தில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். மேட்டில் நிற்கிற வண்டி பொய்க் கணக்குதான் காட்டும். மலையில் இடம் கிடைக்காவிட்டால் அடிவாரத்தில் பாருங்கள். முதல் ஓட்டம் லோடு இல்லாமல் சேலத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வரை போதும். சரியாக இருந்தால் அப்புறம் மலையேற்றுங்கள்.

பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ எஸ்டேட் ஓரத்திலோ கொட்டாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். கசிந்த எண்ணெயில் ஊறி உப்பிப்போன ஹோஸோ இன்ஜின் மவுன்டிங் ரப்பரோ இருந்தால், ஹவுசிங் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பூட்டிவிட்டால் அந்த இடத்துக்குக் கை போகாது.