‘ரன்’ (run) என்ற ஆங்கிலச் சொல்லைப் பொருளறிந்து கையாளும் முறை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் உணவகத்தை ‘ரன்’ செய்கிறார் என்றால், அதை நடத்துகிறார் என்றே பொருள். ஆகவே, இச்சொல்லைக் கண்டதும் ‘ஓடு’ என்று மொழிபெயர்த்துவிடாமல், முதலில் எழுவாயைக் கவனியுங்கள்: எல்.ஆர்.டி. ரயில் ‘ரன்’ ஆனால் ஓடுகிறது, மூக்கு ஒழுகுகிறது, பாத்தேக் துணியின் சாயமோ கசிந்து பரவுகிறது. அமெரிக்க வழக்கில் வேட்பாளர் தேர்தலில் ‘ஓடுகிறார்’, அதாவது போட்டியிடுகிறார். பிரிட்டிஷ் வழக்கில், நம் தமிழைப் போலவே, நிற்கிறார் என்பது வேடிக்கைதான்.

அடுத்து, பின்னால் வரும் சிறுசொல்லைப் பாருங்கள். ‘அவுட் ஆஃப்’ சேர்ந்தால் கைவசமிருந்த பொருள் தீர்ந்துவிட்டது. ‘இன்டு’ சேர்ந்தால் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தது, அல்லது வாகனம் எதன்மீதாவது மோதியது. கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ என்பது ஆட்டமிழப்பு. இறந்தகாலத்தில் ‘ரேன்’ என்று எழுதுங்கள். ‘ஹேவ்’ முன்னால் வந்தால் மீண்டும் ‘ரன்’ தான்.