டர்போ அழுத்தம் எகிறினால் டர்போவை மாற்ற ஓடாதீர்கள்

பழைய டர்போ கார், ஏற்றத்தில் அழுத்தி மிதித்ததும் வெட்டி வெட்டி இழுக்கிறது. ஸ்கேனரில் பி0234 என்று விழுகிறது, அதாவது டர்போ அழுத்தம் அளவுக்கு மேல் ஏறிவிட்டது. கராஜில் உடனே "டர்போ போயிற்று" என்பார்கள். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த டர்போ ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். பிறகும் அதே வெட்டுத்தான். அழுத்தம் அளவுக்கு மேல் ஏறுகிறது என்றால் டர்போ காற்றை நன்றாகவே தள்ளுகிறது. தவறியிருப்பது பெரும்பாலும் அதைக் கட்டுப்படுத்தும் பகுதி. தேய்ந்த டர்போ பெரும்பாலும் அழுத்தத்தைக் குறைத்தே காட்டும்.

பெற்றோல் கார் என்றால் முதலில் அக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ரப்பர் ஹோஸைப் பாருங்கள். அதன் வழியாகப் போகும் அழுத்தம் அக்சுவேட்டரின் தண்டைத் தள்ள, தண்டு வேஸ்ட்கேட்டை, அதாவது புகையின் ஒரு பகுதியை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவைத் திறக்கிறது. ஹோஸ் வெடித்தால் வேஸ்ட்கேட் மூடியே கிடக்கும், அழுத்தம் எகிறும். மேலால் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. இஞ்சின் சூட்டில் காய்ந்த ரப்பர் அடிப்பக்கத்தில் வெடித்திருக்கலாம். கழற்றி வளைத்துப் பாருங்கள். மீன்தொட்டிக் குழாயை மாட்டாதீர்கள், சூட்டில் இளகிவிடும். சில கார்களில் ஹோஸுக்குள் சிறிய துளையுள்ள உலோகத் துண்டு ஒன்று இருக்கும். பழைய ஹோஸோடு அதையும் வீசினால் அழுத்தக் கணக்கே மாறிவிடும்.

டீசலில் கதை வேறு. டர்போவுக்குள் அசையும் இதழ்கள் உள்ள வண்டிகளில், அவற்றை வெற்றிடத்தால் இயக்கும் வகை நிறைய. அங்கே ஹோஸ் கசிந்தால் அழுத்தம் பெரும்பாலும் குறையும். அது எகிறினால் கரி படிந்து இதழ்கள் இறுகியிருக்கலாம், அல்லது வெற்றிடத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சொலனோய்ட் பழுதாகியிருக்கலாம். வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையே ஊர்ந்தே ஓடும் வண்டியில் கரி படிவது சகஜம். கைப்பம்பால் அக்சுவேட்டருக்கு வெற்றிடம் கொடுத்து, அதன் தண்டு சிக்காமல் முழுதாகப் போய்த் திரும்புகிறதா என்று பாருங்கள். பெற்றோல் காரின் அக்சுவேட்டரைச் சோதிக்க டயர் கடைக் காற்றை நேரே அடிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும்.

அழுத்தத்தை அளக்கும் சென்சரை நம்புமுன் அதையும் சோதியுங்கள். இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால், கடல் மட்டத்தில் இருக்கும் கொழும்பில் சுமார் 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 120 காட்டினால் சென்சர் பொய் சொல்கிறது. உயரமான நுவரெலியாவில் 80 அளவில் காட்டுவது சரி. அப்புறம், ஸ்கேனரில் பெரும்பாலும் காற்று மண்டல அழுத்தமும் சேர்ந்தே வரும். 180 என்றால் அதில் சுமார் 100 வெளிக்காற்றுடையது, டர்போ கூட்டியது சுமார் 80, அதாவது 0.8 பார்தான்.

நிறுத்திய இடத்தில் அக்சிலரேட்டரை மிதித்துப் பார்ப்பதில் பயனில்லை. சுமை இருந்தால்தான் அழுத்தம் ஏறும். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் ரோட்டின் நெரிசலிலும் அது தெரியாது. கொட்டாவையில் அதிவேகப் பாதைக்கு ஏறி, வேக வரம்புக்குள், பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரைப் பார்க்க ஓட்டுங்கள்.

தயவுசெய்து செய்யக் கூடாத ஒன்று: வெட்டு வராமல் இருக்க சென்சரை ஏமாற்றுவது. இஞ்சினைக் காப்பாற்றத்தான் அந்த வெட்டு. அதை மறைத்து ஓட்டினால் பிஸ்டன் உடையலாம், ஹெட் கேஸ்கெட் போகலாம். அக்சுவேட்டர் தண்டைத் திருகி அழுத்தத்தைக் குறைப்பதும் நோயை மறைக்கும் வேலைதான்.

அண்மையில் சைலன்சரைப் பெரிதாக மாற்றினீர்களா? அப்படியானால் சிறிய வேஸ்ட்கேட்டால் புகை முழுவதையும் திருப்ப முடியாமல், சுற்று ஏற ஏற அழுத்தமும் மெல்ல ஏறும். அதற்கு எந்த ஹோஸும் மருந்தாகாது. பழைய சைலன்சரை மாட்ட வேண்டும், அல்லது வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்க வேண்டும்.