பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிக்கோடுக்கு மாற்றும் முறை

பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்து வைத்த தமிழ்க் கோப்பைப் புதிய கணினியில் திறக்கும்போது, தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கலந்து கிடப்பதைப் பார்த்து, கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று பலர் முடிவுகட்டி அழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கெட்டுப்போயிருக்காது. அக்காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. ஆகவே கோப்புக்குள் பதிவானது ஆங்கிலமே. எழுத்துரு அதன்மேல் தமிழ் வேடம் போட்டது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் சேமிக்கப்படும். பாமினி இல்லாத கணினி அவற்றை உள்ளபடியே காட்டிவிடுகிறது.

முதலில் நோயை அறிய வேண்டும். ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் மேற்சொன்ன எழுத்துருச் சிக்கல். வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால், கோப்பு பெரும்பாலும் யூனிக்கோடிலேயே, அதாவது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொதுக் குறியாக்கத்திலேயே, இருக்கிறது. தமிழைக் காட்டும் எழுத்துருதான் கணினியில் இல்லை. வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால் நிலைமை மோசம். யூனிக்கோடுத் தமிழை யாரோ ஆன்சி என்ற, தமிழுக்கு இடமில்லாத பழைய குறியாக்க முறையில் சேமித்திருக்கிறார்கள் என்று பொருள். அதிலிருந்து எழுத்துகளை மீட்க முடியாது, மின்னஞ்சலிலோ பழைய பென் டிரைவிலோ வேறு படி கிடைக்கிறதா என்று தேடுவதே வழி.

அடுத்து, மாற்றம் தேவைதானா என்பதை யோசிக்க வேண்டும். பழைய அழைப்பிதழை ஒருமுறை அச்சிட்டால் போதும் என்றால், அதற்குரிய எழுத்துருவைத் தேடிப் பதிந்து, கோப்பைத் திறந்து, பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளலாம். எழுத்துருக் கோப்பின் மீது வலது பொத்தானை அழுத்தி ‘இன்ஸ்டால்’ என்பதைத் தேர்ந்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த உரையைத் திருத்த வேண்டும், தேட வேண்டும், அகரவரிசைப்படுத்த வேண்டும், வாட்ஸ்ஆப்பில் அனுப்ப வேண்டும் என்றால் யூனிக்கோடுக்கு மாற்றாமல் தீராது.

மாற்றுவதற்கு முன் எந்த எழுத்துரு என்பதைக் கண்டுபிடிப்பது இன்றியமையாதது. வேர்டில் உரையின் நடுவே சொடுக்கினால், அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே உள்ள பெட்டியில் தெரியும். தலைப்புக்கு ஒன்று, பத்திக்கு வேறொன்று என்று கலந்திருப்பதும் உண்டு என்பதால் ஓரிரு இடங்களில் சொடுக்கிப் பார்ப்பது நல்லது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பாமினி பரவலாக இருந்தது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில்லும் அச்சகங்களில் ஸ்ரீலிபியும் புழங்கின. இவை போதாதென்று இணையத்தில் திஸ்கி என்ற குறியாக்கம் வேறு. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் டாப், டாம் என்று இரண்டு குறியாக்கத் தரங்கள் வேறு. யூனிக்கோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது விண்டோஸுக்குள் நுழைந்தது; தமிழ்நாடு அரசு யூனிக்கோடைத் தரமாக ஏற்றது 2010இல். ஆக, 2010ஐ ஒட்டிய கோப்பில்கூடப் பழைய எழுத்துரு இருந்தால் வியப்பதற்கில்லை.

எழுத்துருப் பெயரே இல்லாத வெறும் உரைக்கோப்பாக இருந்தால் தோற்றத்தைக் கொண்டு ஊகிக்கலாம். சாதாரண ஆங்கில எழுத்துகளும் அடிக்கடி அரைப்புள்ளியும் வந்தால் பாமினியை முதலில் சோதியுங்கள். தலைமேல் புள்ளியும் கோடும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளாகவே நிறைந்திருந்தால் திஸ்கியையும் டாபையும் சோதியுங்கள்.

மாற்றும் வேலை எளிது. மூலக்கோப்பைத் தொடாமல் ஒரு படி எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரே ஒரு பத்தியை எழுத்துரு மாற்றும் கருவியான ‘மாற்றி’யில் ஒட்டி, எழுத்துருவைத் தேர்ந்து மாற்றிப் பாருங்கள். பொங்குதமிழ் போன்ற இணைய மாற்றிகளும், கணினியில் பதிந்து பயன்படுத்தும் என்எச்எம் கன்வர்ட்டர், அழகி போன்ற மென்பொருள்களும் இதற்கு உண்டு. உயில், பத்திரம், மருத்துவக் குறிப்பு போன்றவற்றை இணையப் பக்கத்தில் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறு வழியில்லை என்றால், பக்கத்தைத் திறந்த பின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, முக்கியமில்லாத ஏதேனும் ஒரு சொல்லை இட்டு, மாற்றும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அப்போதும் வேலை செய்தால், மாற்றம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. இணைப்பைத் திரும்பக் கொடுக்காமலேயே உரையை மாற்றி எடுத்துக்கொண்டு பக்கத்தை மூடிவிடலாம்.

இடையிடையே ஆங்கிலச் சொற்கள் உள்ள கோப்பை மொத்தமாக மாற்றக் கூடாது. பாமினி மாற்றிக்கு எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. ‘நேம்’ என்ற ஆங்கிலச் சொல்லை அது ‘யெஅந’ ஆக்கிவிடும். மின்னஞ்சல் முகவரிகளுக்கும் இதே கதிதான். அத்தகைய வரிகளைத் தனியே எடுத்து வைத்துப் பின்னர் சேர்க்க வேண்டும். திஸ்கியிலும் டாபிலும் ஆங்கிலத்துக்குத் தனி இடம் உண்டு என்பதால் இத்தொல்லை இல்லை.

உண்மையான உழைப்பு மாற்றிய பிறகுதான் தொடங்குகிறது. தட்டச்சுப்பொறியில் பழகியவர்கள் ‘ர்’, ‘ரி’ ஆகியவற்றுக்கு ரகரத்தை விட்டுத் துணைக்காலை அடிப்பது வழக்கம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. யூனிக்கோடுக்கு வந்தபின் அது ‘அவா்கள்’, ‘மாியாதை’ என்று பிழையாக நிற்கும். இதனால் ‘அவர்கள்’ என்று தேடினால் கோப்பில் ஒன்றுகூடக் கிடைக்காது. இதற்குத் தீர்வு எளிது: ‘ா்’ என்பதை ‘ர்’ என்றும், ‘ாி’ என்பதை ‘ரி’ என்றும், ‘ாீ’ என்பதை ‘ரீ’ என்றும் கோப்பு முழுவதும் ஒரே வீச்சில் மாற்றிவிடலாம். காலும் புள்ளியும் சேர்ந்து வரும் எழுத்து தமிழில் இல்லை என்பதால் இதில் ஆபத்தில்லை. இக்குறிகளைத் தனியே தட்டச்சு செய்வது கடினம் என்பதால் இங்கிருந்தே படியெடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு புள்ளிவட்டம் தெரிந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

ஔகாரத்தில் மட்டும் இந்த அவசரம் கூடாது. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறிக்கு ளகர வடிவமே பயன்பட்டதால், மாற்றிய உரையில் கௌரவம் ‘கெளரவம்’ ஆகவும், ஔவையார் ‘ஒளவையார்’ ஆகவும் வரக்கூடும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எழுத்துகள் வேறு. இங்கே எல்லாவற்றையும் மாற்று என்று கட்டளையிட்டால் வெள்ளமும் தெளிவும் கெளுத்தி மீனும் ஒளியும் சேர்ந்து சிதைந்துபோகும். ஆகவே ‘கெளர’, ‘செளக’, ‘மெளன’, ‘பெளர்’, ‘ஒளவை’ என்று சொற்பகுதிகளாகத் தேடி ஒவ்வொன்றாகத் திருத்துவதே முறை.

வேர்டின் தானியங்கித் திருத்தம் அந்நாளில் செய்த குறும்பும் சில கோப்புகளில் உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தை அது பேரெழுத்தாக்கும்; பாமினியில் சிற்றெழுத்துக் கே மகரம், பேரெழுத்துக் கே ‘மு’. எனவே வாக்கியத் தொடக்கத்தில் ‘முரம்’ என்று இருந்தால் அடித்தவர் நினைத்தது மரமாக இருக்கலாம். இதை எந்த மாற்றியும் கண்டுபிடிக்காது. படித்துப் பார்த்தே திருத்த வேண்டும்.

எக்செல் பட்டியலாக இருந்தால் தமிழ் நெடுவரிசைகளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றி, முதல் வரிசையும் கடைசி வரிசையும் பழைய இடத்திலேயே நிற்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். பிடிஎஃபிலிருந்து படியெடுத்த உரை பல நேரங்களில் மாற்றிக்கு அடங்காது. அதன் பக்கங்களைப் படங்களாக்கிக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கச் செய்வது விரைவான வழி. முடிந்ததும் நிர்மலா யூஐ அல்லது லதா எழுத்துருவை இட்டுச் சேமியுங்கள். நோட்பேடில் சேமிப்பதானால் குறியாக்கப் பெட்டியில் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய விண்டோஸ்களில் அங்கே ஆன்சிதான் இயல்பாக இருக்கும், கவனிக்காமல் சேமித்தால் மாற்றியது அனைத்தும் கேள்விக்குறிகளாகிவிடும்.