விகடகவியைத் திருப்பும் சி நிரலைப் பைத்தானிலிருந்து அழைப்பது எப்படி?

தமிழ்ச் சொற்களைத் திருப்பிப் பார்க்க சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். விகடகவியைத் திருப்பினால் விகடகவியே வர வேண்டும். பைத்தானில் சரத்தை அப்படியே திருப்பினால் 'வி'யில் உள்ள இகரக் கொக்கி எழுத்தை விட்டுக் கழன்று முன்னால் போய் நிற்கும். என் நிரலில் உள்ள 'திருப்பு' என்ற ஃபங்ஷன் எழுத்து எழுத்தாகத் திருப்பி, விடைச் சரம் இருக்கும் நினைவக முகவரியைத் தரும். அதையே பைத்தானிலும் மறுபடி எழுத மனமில்லை, எழுதவும் வேண்டியதில்லை. சி நூலகங்களைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும், பைத்தான் 2.5 முதல் கூடவே வரும் சிடைப்ஸ் போதும். லினக்ஸில் நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் சி கோப்பை ஜிசிசி கம்பைலரில் மைனஸ் ஷேர்ட், மைனஸ் எஃப்பிஐசி என்ற இரண்டு தெரிவுகளோடு கம்பைல் செய்து, லிப்எழுத்து.எஸ்ஓ என்று பெயரிடுங்கள்; இதுதான் பைத்தான் ஏற்றப்போகும் நூலகம். சி++ என்றால் ஃபங்ஷன்களை எக்ஸ்டர்ன் சி-க்குள் வையுங்கள். இல்லாவிட்டால் கம்பைலர் அளவுரு வகைகளையும் சேர்த்துப் பெயரையே மாற்றிவிடும்; நீங்கள் தேடும் பெயர் கிடைக்காது. சந்தேகம் வந்தால் என்எம் கட்டளையை மைனஸ் டி-யோடு ஓட்டிப் பாருங்கள், வெளியே தெரியும் பெயர்களெல்லாம் வரும்.

பைத்தானில் சிடைப்ஸின் சிடிஎல்எல் மூலம் அந்தக் கோப்பை ஏற்றுங்கள். கோப்பு அதே அடைவில் இருந்தால் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் கட்டாயம். வெறும் பெயர் கொடுத்தால் கணினியின் நூலக அடைவுகளில் தேடிவிட்டு, இல்லை என்று சொல்லிவிடும்.

ஏற்றியதும் உடனே அழைக்காதீர்கள். நான் அப்படித்தான் அழைத்தேன். என் கணினியில் ஒழுங்காக ஓடியது, நண்பர் கணினியில் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தவறான நினைவக முகவரியைத் தொட்டதால் நிரல் நின்றுபோனது. இரண்டு மாலைகள் சி நிரலில் தவறு தேடினேன். தவறு அங்கே இல்லை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், எந்த ஃபங்ஷனும் இன்ட் (முழு எண்) திருப்பித் தரும் என்றுதான் சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். 64 பிட் லினக்ஸில் இன்ட் 4 பைட், நினைவக முகவரி 8 பைட். என் 'திருப்பு' தந்த முகவரியில் பாதி வெட்டுப்பட்டுப் போனது. என் கணினியில் முகவரி சிறிய எண்ணாக அமைந்ததால் பிழைத்தது, அவ்வளவுதான். டபுள் (தசம எண்) விடையாகத் தரும் ஃபங்ஷனிலும் இதே கதைதான். விடை ப்ராசஸரின் வேறு ரெஜிஸ்டரில் இருக்கும், உங்களுக்குக் குப்பை எண் வரும்.

அதனால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஆர்க்டைப்ஸில் உள்ளே போகும் வகைகளையும், ரெஸ்டைப்பில் வெளியே வரும் வகையையும் எழுதிவிடுங்கள். ஃபங்ஷன்களின் வகைகள் எழுதியிருக்கும் சி ஹெடர் கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாக எழுதுவது என் பழக்கம்.

அடுத்தது சரங்கள். பைத்தான் சரத்தை நேராக அனுப்பக் கூடாது. யுடிஎஃப்-8 பைட்டுகளாக என்கோட் செய்து, சி_சார்_பி (சி சரத்தின் முகவரி) வகையில் அனுப்ப வேண்டும். விகடகவி நமக்கு 5 எழுத்து, கொக்கிகளைத் தனிக் குறியீடாக எண்ணும் பைத்தானின் லென்னுக்கு 7, பைட்டுகளை எண்ணும் சி-யின் ஸ்டர்லென்னுக்கு 21. ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். சி பக்கம் இடம் ஒதுக்கும்போது இந்த 21-ஐயும் முடிவில் வரும் பூஜ்ய பைட்டையும் கணக்கில் வையுங்கள்.

திரும்பி வரும் சரத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். 'திருப்பு' மாலக் செய்து (கேட்டு வாங்கி) தரும் நினைவகத்தை யாராவது விடுவிக்க வேண்டும். ரெஸ்டைப்பில் சி_சார்_பி என்று போட்டால் பைத்தான் பைட்டுகளை நகலெடுத்துக் கொடுத்துவிட்டு முகவரியைத் தொலைத்துவிடும். பிறகு எதை விடுவிப்பது? ஒரு லட்சம் சொற்கள் கொண்ட பட்டியலை ஓட்டினால் ஒரு லட்சம் துண்டுகள் அப்படியே கிடக்கும். அங்கே சி_வாய்ட்_பி (வெறும் முகவரி) போடுங்கள். முகவரி எண்ணாக வரும், ஸ்ட்ரிங்_அட் கொண்டு உள்ளடக்கத்தை எடுங்கள், அப்புறம் முகவரியை நூலகத்திலேயே நீங்கள் எழுதி வைத்த 'விடு' ஃபங்ஷனிடம் கொடுங்கள். 'விடு'வுக்கும் ஆர்க்டைப்ஸ் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எண் மறுபடி இன்ட்டாகச் சுருங்கும், பழைய செக்மென்டேஷன் ஃபால்ட் இந்த முறை விடுவிக்கும் இடத்தில் வரும்.