டைப்பிங் விளையாட்டில் வேகம் ஏறுகிறது, வேலையில் ஏறவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நிமிடச் சோதனையில் திரை 60 சொல் என்று காட்டுகிறது. அதே ஆள் ஒரு பக்கக் கடிதத்தை அடிக்க உட்கார்ந்தால் நேரம் இழுத்துக்கொண்டே போகிறது. அடித்த வேகத்திலேயே அழித்து, திரும்ப அடித்து, நிறுத்தக்குறிக்காகக் குனிந்து தேடி, எண் வரும் இடத்தில் நின்று, ஒருவழியாக முடிக்க வேண்டியிருக்கிறது. டைப்பிங் விளையாட்டுகளில் மாதக்கணக்கில் நேரம் போட்ட பலரும் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். நானும் அங்கே நின்றிருக்கிறேன். அப்போது எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: ஒரு விளையாட்டு எதற்குப் புள்ளி கொடுக்கிறதோ அதைத்தான் விரல்கள் கற்றுக்கொள்கின்றன. கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதிலிருந்து கிளைப்பவை.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று காட்டும்போது, ஐந்து தட்டல்களை ஒரு சொல்லாகக் கணக்கிடுகிறார்கள். இடைவெளியும் அதில் ஒரு தட்டல். ஆகவே 40 சொல் என்றால் நிமிடத்துக்கு 200 தட்டல். நீளமான சொற்கள் வந்தாலும் குட்டிச் சொற்கள் வந்தாலும் அளவுகோல் இதுதான்.

துல்லியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது. 'முதலில் வேகம் வரட்டும், பிழைகள் தானாகக் குறையும்' என்று நினைக்கிறோம். 95 சதவீதத் துல்லியம் என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தேர்வில் நூற்றுக்கு 95 வாங்கினால் யார் குறை சொல்வார்கள்? ஆனால் விசைப்பலகையில் கணக்கு வேறு.

200 தட்டலில் 95 சதவீதம் சரி என்றால் பத்துப் பிழைகள். பிழை விழுந்த அந்தக் கணமே யாரும் கவனிப்பதில்லை. இரண்டு எழுத்து தாண்டிய பிறகுதான் கண்ணில் படும். அப்போது தவறான எழுத்து ஒன்று, அதன்பின் அடித்த இரண்டு, அவற்றை அழிக்க மூன்று பேக்ஸ்பேஸ், ஆக ஒரு பிழைக்கு ஆறு தட்டல் வீண். பத்துப் பிழைக்கு அறுபது. 200இல் 140தான் மிஞ்சும். 40 சொல் வேகத்தில் விரல் ஓடியும் கையில் கிடைப்பது 28 சொல். பிழையைக் கண்டு திடுக்கிட்டு நின்ற நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. துல்லியம் 98 சதவீதமானால் பிழை நான்குதான், வீண் 24 தட்டல்தான். விரல் முன்பைவிட வேகமாக ஓடவில்லை, ஆனாலும் நிமிடத்துக்கு ஏழு சொல் கூடுதலாகக் கிடைக்கிறது.

2018இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1,68,000 பேர் அடித்த 13.6 கோடி விசைத்தட்டல்களை ஆராய்ந்தன. சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 சொல். வேகமாக அடிப்பவர்கள்தான் பிழையும் குறைவாகச் செய்தார்கள். அவசரத்தால் வேகம் வருவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

இங்கே விளையாட்டின் விதியைக் கவனிக்க வேண்டும். இசட்-டைப் (ZType) போன்ற, சொல்லை அடித்து எதிரியைச் சுடும் விளையாட்டுகளில் தவறான விசையைத் தட்டினால் அது சொல்லில் ஏறுவதே இல்லை. சரியான எழுத்தைத் தட்டியதும் ஆட்டம் தொடரும். உற்சாகத்துக்கு அது நல்லது. ஆனால் பிழையின் விலையை விரல் உணராது. டைப்ரேசர் (TypeRacer) என்ற பந்தய விளையாட்டில் பிழையைத் திருத்தாமல் பந்தயத்தை முடிக்க முடியாது. அது வேலை நேரத்து நிலைமைக்கு நெருக்கமானது. மங்கிடைப் (Monkeytype) என்ற சோதனைத் தளத்தில் இன்னும் கறாரான அமைப்பு உண்டு. அதன் கடினநிலையை 'மாஸ்டர்' என்று மாற்றினால் ஒரே ஒரு விசை தவறினாலும் சோதனை அங்கேயே முடிந்துவிடும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும், பத்து விநாடி தாண்டுவதே பாடாக இருக்கும். ஆனால் நம் வேகத்தில் எவ்வளவு பங்கு நிஜம், எவ்வளவு பங்கு பேக்ஸ்பேஸ் என்று அது முகத்துக்கு நேரே சொல்லிவிடும். தினமும் ஐந்து நிமிடம் இப்படி அடித்துப் பார்க்கும்படி நான் யாருக்கும் சொல்வேன்.

நடைமுறையில் ஒரு கட்டுப்பாடு போதும்: துல்லியம் 97க்குக் கீழே இறங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் இன்னும் முட்டி மோதினால் தவறான எழுத்துச் சேர்க்கைதான் விரலில் படியும்.

விரலைப் பார்த்துக்கொண்டே அடிப்பது

1888இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த தட்டச்சுப் போட்டியில் பிராங்க் மெக்கரின் என்பவர் விசைகளைப் பார்க்காமலே அடித்து வென்றார். அவருடைய கண் மூலப் பிரதியை விட்டு அகலவில்லை. பார்க்காமல் அடிப்பதன் பலன் இன்றும் அதேதான். கண் கீழே போனால் திரையில் விழும் பிழை தெரியாது, படிக்க வேண்டிய வரியும் தவறிப்போகும். மறுபடி இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எஃப், ஜே விசைகளின் மேல் சிறு மேடு இருக்கும். இரண்டு ஆள்காட்டி விரல்களும் வந்து சேர வேண்டிய இடம் அது. எந்த எழுத்துக்குப் போனாலும் விரல் அங்கே திரும்பி வர வேண்டும். பலர் இதை அறிந்திருந்தும் ஒரு தவறு செய்கிறார்கள்: விசைப்பலகையின் படத்தை மனப்பாடம் செய்ய முயல்கிறார்கள். அந்த முயற்சி தேவையற்றது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நன்றாகத் தட்டச்சு செய்பவர்களிடம் எழுத்தில்லாத விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். அவர்கள் நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொல் அடிப்பவர்கள். ஆனாலும் 26 எழுத்துகளில் சராசரியாக 15தான் சரியான இடத்தில் விழுந்தன. விரலுக்குத் தெரிந்தது மனதுக்குத் தெரியவில்லை. ஆகவே படத்தை உருப்போடுவதற்குப் பதில், கைகளின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டுக்கொண்டு மெதுவாக அடியுங்கள். இரண்டு மூன்று நாளில் கழுத்து குனிவதை மறந்துவிடும்.

எந்த விரல் எந்த விசைக்கு என்ற பாடப்புத்தக விதியை இம்மியும் பிசகாமல் பின்பற்ற வேண்டுமா? இதில் என் கருத்து கொஞ்சம் தளர்வானது. 2016இல் அதே ஆல்டோ பல்கலைக்கழகம் நடத்திய ஓர் ஆய்வில், பத்து விரல் முறையை முறையாகக் கற்காத சிலரும் கற்றவர்களுக்கு இணையான வேகத்தில் அடித்தார்கள். அவர்களிடம் இருந்த பொதுத்தன்மை, ஓர் எழுத்தை எப்போதும் ஒரே விரலால் அடித்ததும், கையை அதிகம் அலைய விடாததும். ஆகவே ஏற்கெனவே நல்ல வேகம் உள்ளவர் ஒன்றிரண்டு விசைகளைத் தன் வழியில் அடித்தால் அதைப் பெருங்குற்றமாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே எழுத்தை இன்று ஆள்காட்டி விரலிலும் நாளை நடுவிரலிலும் அடிப்பவருக்கு எத்தனை விளையாட்டு ஆடினாலும் வேகம் நிலைக்காது. புதிதாகத் தொடங்குபவர் வழக்கமான முறையையே பிடித்துக்கொள்வது சுலபம்.

விளையாட்டில் ஒரு முறை, வேலையில் ஒரு முறை

இதை அதிகம் பேர் பேசுவதில்லை. மாலையில் அரை மணி நேரம் பத்து விரலால் பயிற்சி. பகல் முழுவதும் பழையபடி இரண்டு விரலால் வேலை. எட்டு மணி நேரம் ஒன்றைச் செய்துவிட்டு அரை மணி நேரம் வேறொன்றைச் செய்தால் எது வெல்லும்?

ஆனால் ஒரே நாளில் முழுக்க மாறுவதும் பலருக்கு முடியாது. புதிய முறைக்கு வந்ததும் வேகம் விழும். 35 சொல் அடித்தவர் 12க்கு இறங்குவார். அந்த வீழ்ச்சியைக் கண்டு 'எனக்கு இது வராது' என்று பழைய முறைக்குத் திரும்பிவிடுவார். வீழ்ச்சி வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் மனம் உடையாது. எனக்குச் சரிப்பட்ட ஏற்பாடு இது: அவசரமான, நீண்ட வேலைகளைப் பழைய முறையில் முடித்தேன், குறுஞ்செய்தி, தேடல், இரண்டு வரி மின்னஞ்சல் எல்லாவற்றையும் எத்தனை மெதுவானாலும் புதிய முறையில் மட்டுமே அடித்தேன். அந்தச் சிறு சிறு தட்டல்கள்தான் நாள் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. புதிய முறை பழைய வேகத்தில் பாதியைத் தொட்டதும் பெரிய வேலைகளையும் அதற்கு மாற்றிவிட்டேன்.

எளிய சொற்களையே திரும்பத் திரும்ப ஆடுவது

பல சோதனைத் தளங்கள் தொடக்கத்தில் ஆங்கிலத்தின் மிகப் பழக்கமான 200 சொற்களைத்தான் தருகின்றன. எல்லாம் சிறிய எழுத்து, கமா இல்லை, முற்றுப்புள்ளி இல்லை, எண் இல்லை. ஒரு மாதத்தில் அந்த 200 சொற்கள் விரலில் பாடமாகிவிடும். எண் ஏறும், மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் கியூ, இசட், எக்ஸ் போன்ற எழுத்துகள் அந்தப் பட்டியலில் அபூர்வம். அந்த விசைகளுக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும் எட்டிப் பழகுவதே இல்லை.

நிறுத்தக்குறியையும் எண்ணையும் சேர்த்து வரச் செய்யும் அமைப்பு பெரும்பாலான தளங்களில் இருக்கிறது. அதை இயக்கியதும் வேகம் சட்டென்று இறங்கும். அந்த இறங்கிய எண்தான் உங்கள் உண்மையான வேகம். பெரிய எழுத்துக்கு எதிர்க்கை ஷிஃப்ட்டைப் பயன்படுத்துகிறோமா என்பதையும் அப்போதே பாருங்கள். இடக்கையால் அடிக்கும் எழுத்துக்கு வலப்பக்க ஷிஃப்ட். ஒரே கையால் இரண்டையும் பிடிக்கப் போனால் கை முறுக்கிக்கொண்டு இடம் பெயர்ந்துவிடும், அடுத்த இரண்டு எழுத்தும் தப்பும்.

கீபிஆர் (keybr) என்ற பயிற்சித் தளத்தின் அணுகுமுறை எனக்குப் பிடிக்கும். அது சில எழுத்துகளில் தொடங்கி, அவை கைவந்த பிறகுதான் அடுத்த எழுத்தைச் சேர்க்கிறது. நீங்கள் தடுமாறும் எழுத்து அதிகம் வரும்படி, உச்சரிக்கத்தக்க கற்பனைச் சொற்களை உருவாக்கித் தருகிறது. பந்தயத்தின் பரபரப்பு அதில் கிடையாது. அதனால்தான் பலர் இரண்டே நாளில் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்து ஆடிப் பாருங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் ஆங்கில விளையாட்டில் கிடைத்த வேகம் அப்படியே தமிழுக்கும் வரும் என்று எதிர்பார்ப்பதும் இதே வகைத் தவறுதான். விரல் அமர்வும் பார்க்காமல் அடிக்கும் பழக்கமும் கூட வரும், எழுத்துச் சேர்க்கைகள் வராது. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையிலும் இருக்கின்றன. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல். புள்ளி தானாக விழும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி அடிப்பவரின் விரல் வேறு தடத்தில் ஓடும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். நீங்கள் எழுதிய பழைய கட்டுரையையோ கடிதத்தையோ பயிற்சிப் பத்தியாக ஒட்டிக்கொள்ளத் தளம் இடம் கொடுத்தால், அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஒரே மூச்சில் மணிக்கணக்காக ஆடுவது

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடிவிட்டு வாரம் முழுவதும் தொடாமல் இருப்பது பயன் தராது. ஆலன் பேட்லி, லாங்மன் ஆகிய ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வில், விசைப்பலகை கற்ற பிரிட்டன் அஞ்சல் ஊழியர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயின்ற குழுவுக்குத்தான் மொத்தத்தில் மிகக் குறைந்த மணி நேரம் தேவைப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சியில் மிகக் குறைவான திருப்தி கொண்டவர்களும் அவர்கள்தான். அதிக நாட்கள் ஆகிறதே என்ற ஏக்கம். நமக்கும் அப்படித்தான் தோன்றும், அதை நம்ப வேண்டாம். வேலையோடு பயில்பவருக்கு நாளுக்கு இருபது நிமிடம், அதையும் இரண்டாகப் பிரித்து, என்பது தாங்கும் அளவு.

'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்ற இழுப்பு பந்தய விளையாட்டுகளில் பலமாக இருக்கும். தோற்ற ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்தில் தோள் இறுகும், விசையை ஓங்கி அடிப்போம். அப்போது எழுந்துவிட வேண்டும்.

மணிக்கட்டு மேல்நோக்கி மடங்காமல் நேராக இருக்கட்டும். விசைப்பலகையின் பின்பக்கக் கால்களை நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு கூடுதலாக மடங்கும், அவற்றை மடக்கிவிடுங்கள். விரலில் மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, எரிச்சல் வந்தால் பயிற்சியை நிறுத்துங்கள். நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வலியோடு பயிற்சி செய்து பழக வேண்டிய கலை அல்ல இது.

மெதுவாகவே இருந்துவிடுவது

இது மறுபக்கத் தவறு. துல்லியம் 99இல் நின்றும் வேகம் மாதக்கணக்கில் நகராதவர்கள் உண்டு. மேலே சொன்ன 2018 ஆல்டோ ஆய்வில் வேகமாக அடித்தவர்கள் முந்தைய விசையை விடுவதற்கு முன்பே அடுத்த விசையை அழுத்தினார்கள். அவர்களின் தட்டல்களில் 40 முதல் 70 சதவீதம் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. ஒவ்வொரு எழுத்தாக எண்ணி அடித்தால் அந்த ஓட்டம் வராது. வாரத்தில் இரண்டு நாள், 15 விநாடிச் சோதனைகளில், பிழையைப் பொருட்படுத்தாமல் விரலை ஓட விடலாம். பந்தய விளையாட்டுகள் இதற்கு மிகப் பொருத்தம். முடித்ததும் இரண்டு நிமிடம் நிதானமாக, பிழையின்றி அடித்துவிட்டு எழுந்திருங்கள்.

முன்னேற்றத்தை அளக்க விளையாட்டின் அதிகபட்ச எண்ணை நம்பாதீர்கள். நூறு ஆட்டத்தில் ஒன்று நன்றாக அமைவது இயல்பு, அந்த ஒன்றைத்தான் நினைவில் வைத்திருப்போம். கடைசிப் பத்து ஆட்டங்களின் சராசரியைப் பாருங்கள். அதோடு, நீங்கள் வழக்கமாக எழுதும் வகையில் ஒரு பக்கத்தை எடுத்து வையுங்கள்: பெயர், எண், நிறுத்தக்குறி எல்லாம் இருக்க வேண்டும். இடையில் அதைப் பயிற்சிக்குத் தொடாமல், மாதத்துக்கு ஒருமுறை அதே பக்கத்தை முழுக்க அடித்து, எல்லாப் பிழைகளையும் திருத்தி முடிக்க எத்தனை நிமிடம் ஆனது என்று தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.