பாசாங்கைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

தலையங்கப் பக்கத்துக்குப் புதிதாக எழுத வருகிறவர்களின் வரைவுகளைத் திருத்துவது என் வேலை. பொதுவாழ்வில் யாருடைய வேஷமாவது கலைந்தால் மறுநாளே நாலைந்து கட்டுரைகள் மேசைக்கு வந்துவிடும். எழுத்துப்பிழை, தேதிப்பிழையை எல்லாம் பிழைதிருத்துநர் பார்த்துக்கொள்வார். அவற்றில் நான் திருத்தவேண்டி வருபவை இவை.

பழமொழியில் தொடங்குவது

"படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்." வேண்டாம்.

குற்றத்தை வைத்துக் கோபத்தை அளப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஊரடங்குக் காலத்தில் பிரிட்டன் பிரதமர் இல்லத்தில் நடந்த விருந்துகளைப் பற்றி ஓர் இளைஞர் எழுதிவந்தார். 2022 ஏப்ரலில் போரிஸ் ஜான்சனுக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 50 பவுண்டு, இதற்கா இத்தனை கொந்தளிப்பு என்று கேட்டிருந்தார். கட்டுரை அந்த வரியிலேயே செத்துவிட்டது.

ஜான்சனின் பிறந்தநாளுக்கு நாலு பேர் கூடியதா பிரச்சினை? வீட்டிலேயே இருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்கள் அவர்கள். அதை நம்பிப் பெற்றோரின் கடைசி நேரத்தில்கூட அருகில் போகாதவர்கள் இருந்தார்கள். 2021 ஏப்ரல் 17 அன்று கணவரின் இறுதிச் சடங்கில் எலிசபெத் ராணி தனியாக உட்கார்ந்திருந்தார். முந்தின இரவு பிரதமர் இல்லத்தில் ஊழியர்கள் விருந்து கொண்டாடியிருந்தார்கள்.

யேல் பல்கலைக்கழகத்தின் ஜில்லியன் ஜோர்டனும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. ஒருவர் பிறரைக் கண்டித்தால், அவர் அந்தத் தவறைச் செய்யமாட்டார் என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். "நான் செய்வதில்லை" என்று நேராகச் சொல்வதைவிடக் கண்டனத்துக்கு மதிப்பு அதிகம். ஆகவே அது பொய்யானால், போலி நகையை அடகு பிடித்தவருக்கு வரும் ஆத்திரம் வருகிறது. வெளிப்படையாகத் தவறு செய்கிறவரோ யாரிடமும் நல்ல பெயரைக் கடன் வாங்கவில்லை.

சொன்னபடி நடக்காதவரெல்லாம் பாசாங்குக்காரர் என்பது

"இது தவறுதான், நானும் சில நேரம் செய்கிறேன்" என்று ஒப்புக்கொள்கிறவர்களை அதே ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பாசாங்குக்காரர்களாக நடத்தவில்லை. "என்னைப்போல் ஆகாதே" என்று மகனிடம் சொல்லும் குடிகாரத் தகப்பனை, ஊருக்கு உபதேசித்துவிட்டு ஒளிந்து மீறும் அமைச்சரோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

"மக்களுக்குப் பொறாமை"

கோபத்துக்குக் காரணம் இதுதான் என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிடுவேன்.

மன்னிப்புக் கேட்டதும் முடிந்தது என்பது

ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட், ஊரடங்கை மீறித் தன் இன்னொரு வீட்டுக்குப் போய்வந்தது 2020 ஏப்ரலில் வெளியானது. பகலில் மன்னிப்புக் கேட்டார், இரவுக்குள் பதவி விலகினார். எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் சொல்கிறார்கள். வீட்டில் இருக்கச் சொன்ன அரசு விளம்பரத்தில் வந்ததே அவர்தான் என்பதை விட்டுவிடுகிறார்கள்.